துருவத்திலிருந்து வந்த சத்தம்

கும்ப மாதம், அதாவது மாசி; சனிக்கிழமை, காலை எட்டேகால் மணி. நல்ல வெயில். வானத்தில் மேகம் மூன்று, எண்ணியிருந்தேன். எதையும் எண்ணிப் பார்த்துக் கவலைப்படுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. இப்போது புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் பார்த்துக் கைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்படியும் முற்றத்தில் இறங்கி மேகத்தை எண்ணிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அரிந்து வெந்நீரில் வாட்டிய மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அதில்தான் காயப் போடுவோம். மழைக்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் சாப்பாடு. காயும்முன் நனைந்தால் பூசணம் பிடித்துவிடும்.

அம்மாவின் தம்பியான மாமன் பாறசாலையில் ரேடியோ பழுதுபார்ப்பவர். குடைக்கம்பிகளால் ஓர் ஏரியல் கட்டி, தானே சேர்த்த ரேடியோவோடு பாறை உச்சியில் வைத்திருந்தார். வானிலை பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்று வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்குமாகச் சுற்றுகிறது, நம் தலைக்கு மேலும் போகிறது, அதன் சத்தத்தைப் பிடித்துக் காட்டுவேன் என்பார்.

"ஒனக்க கம்பியில காக்காதான் வந்து இருக்கும் அளியா," என்பார் அப்பா, மச்சினனைப் பார்த்து.

அன்று சத்தம் வந்தது. இரைச்சலுக்குள் கடிகாரம் ஓடுவதுபோல டிக், டிக். மாமன் ஏரியலைத் தூக்கிப் பிடித்து வடக்கிலிருந்து தெற்காக மெல்லத் திரும்பினார். அப்பா கிழங்குக் கூடையை இறக்கிவிட்டு வந்து குனிந்து கேட்டார்.

"உள்ளதாக்கும். மேகம் எல்லாம் அதுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தான். படமாக்கும் அனுப்புது."

"அப்ப இண்ணைக்கு மழை உண்டா?"

அப்பா அவரை மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. மாமன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "இல்ல அத்தான்," என்றார்.

அதை நம்பி, மறுநாளைக்கென்று வைத்திருந்த கிழங்கையும் பாறையில் பரப்பினோம். நாலு மணிக்குக் கிழக்கே இருட்டி, மழை ஒரேயடியாக இறங்கியது. மாமன் ரேடியோவைத் திரும்பியும் பாராமல் இரண்டு கையாலும் கிழங்கை வாரினார். வீட்டில் இருந்த ஒரே பெரிய பாயோடு ஓடிவந்த அப்பா, கிழங்கைத் தாண்டிப் போய் ரேடியோவை மூடினார்.

பொய் சொன்ன பெட்டிக்கா பாய் என்று எனக்கு ஆத்திரம். அது பொய் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தைப் படமாக்க வேறொரு கருவி வேண்டும் என்பதும், அது மாமனிடம் இல்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

விளக்கு வைத்தபின்னும் மாமன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிட வரவில்லை. அப்பா அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"நாளைக்கு எத்தற மணிக்கு வரும் அளியா, அது?"

உள்ளே நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பாயைக் கிழங்கின்மேல் போட்டிருந்தால் நாலு கூடைக் கிழங்கு தப்பியிருக்கும்.