கேதீஸ்வரி அக்காவும் ஆராத்தித் தட்டும்

தம்பியின் மகள் நிரோஜினி தன் கலியாணத்துக்குச் சொல்ல வந்தபோது, கேதீஸ்வரி அக்கா விறாந்தையில் இருந்து முகத்துக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். வெயிலுக்குள் இறங்குவதற்கு முன் அதைப் பூச வேண்டும். எரிந்த முகத்தில் ஒட்டிய தோலுக்கு வியர்வை வராது, வெயிலும் ஆகாது.

"மாமி, ஆராத்தி நீங்கள்தான் எடுக்கோணும்."

"உனக்கென்ன, விசரே பிள்ளை?"

"விசர்தான். இல்லாட்டி கலியாணம் முடிப்பனே?"

கூட வந்த தாய் கோசலா குறுக்கே வந்தார். "மாமியைக் கரைச்சல்படுத்தாதை. நெருப்பெண்டால் அவவுக்கு ஏலாது. முன் கதிரையில இருந்து வடிவாப் பாக்கட்டும்."

அந்தச் சொல்லில் அன்பு இருந்தது. வெளிநாட்டு உறவினர் பார்க்கப்போகும் வீடியோவைப் பற்றிய கவலையும் இருந்தது. கேதீஸ்வரி அக்காவுக்கு இரண்டும் விளங்கின. களிம்பு மூடியைத் திருகி மூடினார்.

நிரோஜினி விடவில்லை. தாய் வேலைக்குப் போன காலமெல்லாம் அவள் சாப்பிட்டதும் நித்திரை கொண்டதும் இந்த வீட்டில்தான். "மாமி எடுக்காட்டி ஆரும் எடுக்கத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவர்கள் போன பிறகு கேதீஸ்வரி அக்கா கணவர் தயாபரன் அண்ணையிடம் சொன்னார்: "அவளுக்குச் செய்ய எனக்கு விருப்பம்தான். கை வராதே, இஞ்சேருங்கோ."

முகம் எரிந்த நாளிலிருந்து அவர் ஒரு நெருப்புக்குச்சிகூடத் தட்டியதில்லை.

எங்களுடையது பக்கத்து வளவு. அன்று நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எரிபொருளுக்காகத் தெருத்தெருவாக வரிசையில் நின்ற வருடத்தின் மாரி அது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் இறைப்பு மிசின் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும். அதனால் வெங்காயம் செய்கிற வீடுகளில் இரண்டும் எப்போதும் இருக்கும். அந்த வருடம் மிசின் கொட்டில்களில் பெற்றோல் களவு போகத் தொடங்கியது. தயாபரன் அண்ணை கொஞ்சப் பெற்றோலைச் சோடாப் போத்தலில் விட்டுக் குசினிக்குள் கொண்டுவந்து ஒளித்துவைத்தார். அங்கே மண்ணெண்ணெய் இருந்ததும் அதே மாதிரியான போத்தலில்தான்.

காஸ் கிடைக்காமல் எல்லா வீடுகளும் அடுப்புக்குத் திரும்பியிருந்தன. நனைந்த தென்னம் பன்னாடை புகைந்ததே தவிர எரியவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் கேதீஸ்வரி அக்காவும் செய்தார். மூக்கு நிறையப் புகை. பார்க்காமலே கையை நீட்டி, மண்ணெண்ணெய்ப் போத்தலென்று எடுத்துத் தணலில் கொஞ்சம் ஊற்றினார். அது பெற்றோல். நெருப்பு ஊற்றிய வழியிலேயே ஏறி முகத்துக்கு வந்தது.

தயாபரன் அண்ணை ஓடிவந்து சாக்கால் மூடி நெருப்பை அணைத்தார். கிணறு பக்கத்திலேயே இருந்தது. "தண்ணி ஊத்தாதையுங்கோ, கொப்பளிக்கும்!" என்று கூடியிருந்தவர்கள் கத்தினார்கள். அயல்வீட்டுச் சின்னாச்சி பற்பசை கொண்டுவந்து கன்னமெல்லாம் பூசினார். யாருக்கும் கெட்ட மனம் இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அந்தப் பற்பசையைத்தான் கழுவினார்கள். "உடனேயே கிணத்துத் தண்ணியை ஒரு இருவது நிமிசம் விட்டுக்கொண்டு நிண்டிருந்தால், காயம் இவ்வளவு ஆழமாப் போயிருக்காது," என்று டொக்டர் பிறகு சொன்னார். தயாபரன் அண்ணை போத்தலை நினைத்து அழுததைவிட அந்தத் தண்ணீரை நினைத்து அழுததுதான் அதிகம்.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்திலும் கழுத்திலும் ஒட்டினார்கள். ஆறும்போது தோல் சுருங்கி நாடியைக் கீழே இழுத்தது. தலையணை இல்லாமல் கழுத்தை நிமிர்த்திப் படுக்க வேண்டியிருந்தது. வாய் சிறுத்துவிடாமல் இருக்க ஐஸ்பழக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, கோழிக்குத் தீன் போடுவார். இடது இமை இன்னும் முழுதாக மூடாது. நித்திரையிலும் அந்தக் கண் கொஞ்சம் விழித்திருக்கும்.

அடுப்பு தயாபரன் அண்ணையின் வேலையாயிற்று. "இது புட்டே? கல்லு. கிணத்துக்குக் கட்டலாம்," என்பார் கேதீஸ்வரி அக்கா. "கட்டுவம். நீர் சாப்பிட்டு மிஞ்சினால்தானே," என்பார் அவர். பெற்றோல் இப்போது சிவப்புத் தகரக் கானில், பூட்டிய கொட்டிலில் இருக்கிறது. தோட்டக்காரர் யாரைக் கண்டாலும் தயாபரன் அண்ணை, "பெற்றோலை எதுக்குள்ள வைச்சிருக்கிறியள்?" என்றுதான் கதையைத் தொடங்குவார். பெடியள் அவருக்குப் 'பெற்றோல் பொலிஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை, பின்னேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. தயாபரன் அண்ணை தலையில் துவாயைத் தலைப்பாகையாகக் கட்டி, முற்றத்துக் கதிரையில் மாப்பிள்ளையாக இருந்தார். எதிரே கேதீஸ்வரி அக்கா வெறுந்தட்டோடு நின்றார்.

"மாப்பிள்ளை வயசு போனவராக் கிடக்கு."

"பொம்பிளைக்கு வேற ஆக்கள் கிடைக்கேல்லையாம். நீர் சுத்தும்."

வெறுந்தட்டு நன்றாகவே சுற்றியது. பிறகு வாழைப்பழத் துண்டுகளில் நெய்த்திரி குத்தி, தயாபரன் அண்ணை கொளுத்திக் கொடுத்தார். தட்டு மார்பு உயரத்துக்கு வந்ததும் சூடு முகத்தில் பட்டது. மூடாத கண்ணில் நீர் வழிந்தது. தட்டு விழுந்து திரிகள் மண்ணில் உருண்டன. தயாபரன் அண்ணை திரிகளை மிதித்து அணைத்தார்.

"கோசலா சொன்னதுதான் சரி. கதிரையில இருக்கிறன்."

"இரும். ஆர் வேண்டாமெண்டது? நாளைக்கும் ஒருக்காப் பாத்திட்டு இரும்."

அடுத்த நாளும் பார்த்தார்கள். அடுத்தடுத்த நாளும். தட்டை எவ்வளவு தூரத்தில் நீட்டிப் பிடித்தால் சூடு கண்ணில் படாது என்று அவர்கள் இருவருமாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஆனால் காற்றில்லாத முற்றத்தில் பழகிய பழக்கம் அது.

கலியாணம் கடலோரக் கோயில் மண்டபத்தில். சோழகக் காற்று தூண்களுக்கிடையால் வந்து பந்தல் சோடனையை ஆட்டியது. ஆராத்திக்கு ஐயர் கூப்பிட்டார். கேதீஸ்வரி அக்கா முன் கதிரையில் இருந்து எழும்பினார்.

கமராக்காரப் பெடியன் கிட்ட வந்து மெல்லச் சொன்னான்: "அக்கா, கொஞ்சம் மற்றப் பக்கம் திரும்பி நிண்டால் நல்லாயிருக்கும். மிச்சத்தை நான் கொம்பியூட்டரில சரிப்படுத்துவன்."

"சரிப்படுத்தி? பிறகு அது ஆருடைய முகம், தம்பி? பிள்ளை வீடியோவில தேடேக்க என்னைக் காணோணும். உப்பிடியே எடும்."

மேடையில் கோசலா வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒதுங்கி வழிவிட்டார். சோடியாக ஆராத்தி எடுக்க நின்றவர் மாப்பிள்ளை வீட்டுச் சறோஜினிதேவி. அவருடைய சேலைத் தலைப்பு காற்றில் தட்டின் பக்கம் பறந்தது. "தலைப்பை இழுத்துச் செருகும்," என்றார் கேதீஸ்வரி அக்கா. தன்னுடையதை முன்னமே ஊசி குத்தி இறுக்கியிருந்தார். தெறிக்காமல் இருக்கத் திரிகளில் மிஞ்சிய நெய்யை வழித்துவிட்டார். பிறகுதான் கொளுத்தச் சொன்னார்.

தட்டு உயர்ந்தது. முதற் சுற்றில் கை கொஞ்சம் தளம்பியது. நிரோஜினி நிமிர்ந்து மாமியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கோபிசங்கர் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் அந்த முகத்தைப் பார்த்தார். மூடாத கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அது பாட்டுக்கு நாடிவரை போனது. இரண்டாம் சுற்று நேராக வந்தது.

மூன்றாவது சுற்றில் ஒரு காற்று வந்து திரிகளெல்லாவற்றையும் அவர் பக்கம் சாய்த்தது. கேதீஸ்வரி அக்கா கையை இன்னும் கொஞ்சம் நீட்டி, அந்தச் சுவாலை நிமிரும் மட்டும் அப்படியே நின்றார்.

சனத்துக்குள் நின்ற தயாபரன் அண்ணைதான் ஓரடி பின்னால் வைத்தார்.