நாற்பத்து மூன்று டோக்கன்கள்

எங்கள் அத்தையை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தவை கேன்டீன் டோக்கன்கள். கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் வேலை செய்பவர்களுக்கு நாளுக்கு ஒரு மதியச் சாப்பாட்டு டோக்கன். ஒருவரிடம் இரண்டு இருக்காது. கள்ள ஓட்டுப் போட வழியில்லை. டோக்கனையே ஓட்டாக்கியது மாமாவின் யோசனை. அவர்தான் கட்சியின் கிளைச் செயலாளர். கிளை உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேரும் அதே ஆலைக்காரர்கள்.

ஒன்றியக் கவுன்சிலர் பதவி அந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. யாரை நிறுத்துவது என்று உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என மாவட்டச் செயலாளர் மேடையில் அறிவித்திருந்தார். போட்டி அத்தைக்கும், ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் மனைவிக்கும்.

ஞாயிறு மாலை எங்கள் வீட்டு மூலையில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, பின்னால் ஆளுக்கொன்றாக இரண்டு டப்பாக்களை வைத்தார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போய் மறுநாளைய டோக்கனைப் போட்டுவிட்டு வந்தார்கள். அத்தைக்கு முப்பத்தொன்று. எனக்கு ஒன்பது வயது. தெருவெல்லாம் ஓடிச் சொன்னேன்.

மேற்பார்வைக்கு வந்திருந்த மாவட்டச் செயலாளர் டப்பாக்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "தலைமைக்குக் காட்டிட்டு அனுப்புறேன்."

"அண்ணே, அது அவங்களுக்கு நாளைக்குச் சோறு" என்றார் மாமா.

"ஒரு வேளை சோத்துக்கு இன்னாய்யா பேஜாரு பண்ணிக்கினு கீற?"

கார் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலைப் பத்திரிகையில் கட்சியின் வேட்பாளர் பட்டியல் வந்தது. அதில் இருந்தது ஒப்பந்தக்காரரின் மனைவி பெயர். டப்பாக்கள் வரவே இல்லை. அந்தப் பக்கத்தை ஞாயிறு நண்பகலிலேயே முடித்துவிடுவார்கள் என்பது, நான் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டில் புடவை கட்டுவதற்கு முன்பே பெயர் அச்சுக்குப் போயிருந்தது.

அத்தை அழுவாள் என்று பார்த்தேன். அவள் அண்டாவில் தக்காளி சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். கட்டி வைத்த பொட்டலங்களை எண்ணினேன். நாற்பத்து மூன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குப் போடாத பன்னெண்டு பேருக்கும் எதுக்கு அத்தே?"

"யாரு எதுல போட்டாங்கன்னு எனக்கு எப்டிடி தெரியும்?"

"கேக்க வேண்டியதுதானே!"

"கேக்கக் கூடாதுன்னுதான்டி பொடவ கட்னோம்."

பொட்டலங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவள் ஆலை வாசலுக்குப் போனாள். என் பங்குச் சாதத்தைத் தொடாமல் நான் பள்ளிக்குப் போனேன். அவளுக்கு ரோஷமே கிடையாது என்று வழியெல்லாம் பொருமினேன். அந்தத் தேர்தலைத் தேர்தலாகவே மதித்தவள் அவள் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.