வேனுக்கு முன்னால் டீச்சர்

சொந்த ஊரிலேயே ஓட்டலில் அறை எடுத்துத் தங்கப் போகிறேன் என்று சொன்னபோது, அம்மா முறுக்கு மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "வீடு இருக்கு, கட்டில் இருக்கு. பக்கத்துல இருக்குற டவுனுக்குப் போயி எதுக்கு ஓட்டல்?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் காரணங்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. நாங்கள் ஓடப்போகும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் போட்டி விடிவதற்குள் தொடங்கிவிடும். அதற்கும் முன்னால் சாலைகளை மூடிவிடுவார்கள். வீடு இருக்கும் சுங்கை பினாங்கிலிருந்து காடியில் போய் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட, ஓட்டம் தொடங்கும் பாடாங் திடலுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குவது நல்லது. கோலாலம்பூரிலிருந்து ஒருத்தியும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருத்தியுமாக இரண்டு கூட்டாளிகள் வேறு வருகிறார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் பக்கத்து நிபந்தனையைச் சொன்னார்: சனிக்கிழமை மதியச் சாப்பாடு மூன்று பேருக்கும் நம் வீட்டில்தான். அதில் ஆபத்து எதுவும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாங்கள் மூவரும் கெலுகோரில் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். வேலைக்குப் போன பிறகு எங்களுக்குள் பெயர்கள் உதிர்ந்து, தொழில்கள் ஒட்டிக்கொண்டன. கோலாலம்பூரில் இருப்பவள் ஆடிட்டர். செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கணக்கு வழக்கிலேயே இருக்கும் குடும்பம். காலையில் எழுந்து ஓடாவிட்டால் அன்றைக்கு முழுக்க எரிந்து விழுவாள். புக்கிட் மெர்தாஜாமில் இருப்பவள் டீச்சர், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியை. நான் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று அது வெளியே போவதற்கு முன்பே கண்டுபிடிப்பது என் வேலை. ஓடலாம் என்று யோசனை சொன்னது ஆடிட்டர். திட்டம் போடும் பொறுப்பு, யாரும் கேட்காமலே, என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் கணினியில் ஓர் அட்டவணை திறந்தேன். ஒரு பக்கம் என்னென்ன தவறாகப் போகலாம், மறுபக்கம் அதற்கு என்ன செய்வது. மழை வந்தால். காலணி நனைந்தால். ஃபெர்ரி தாமதமானால். முதல் நாள் வயிற்றுக்குப் பாரமாக எதுவும் சாப்பிடக் கூடாது. ஓடும்போது ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவர்கள் நிற்கக் கூடாது. இந்தக் கடைசி விதி யாருக்காக என்று மூவருக்கும் தெரியும்.

டீச்சருக்குக் கொஞ்சம் கனத்த உடம்பு. பள்ளி விளையாட்டுப் போட்டியில் எப்போதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடாரத்திற்குள் இருப்பவள். இந்த ஓட்டத்திற்காக மாதக்கணக்கில் பள்ளித் திடலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும், கடைசியில் ஓட்டம் மாதிரி ஏதோ ஒன்று. அது அவளே சொன்ன வார்த்தை. இதையெல்லாம் வகுப்பில் சொல்லியும் வைத்திருந்தாள். ஒரு நாள் முன் வரிசைப் பையன் எழுந்து, "டீச்சர், கடைசியா வர்றவங்கள ஒரு வேன் ஏத்திக்கிட்டுப் போயிருமாமே, நீங்க வேன்லயா வருவீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

அவன் சொன்னது உண்மைதான். ஓடுகிறவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு வேன் மெல்ல வரும். அது தாண்டிப் போனதும் சாலையைத் திறந்துவிடுவார்கள் என்பதால், பின்தங்கியவர்களை ஏறிக்கொள்ளச் சொல்வார்கள். டீச்சர் பிள்ளைகளிடம், வேனில் வரமாட்டேன், என் காலில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வகுப்பில் அவள் வைத்திருக்கும் ஒரே சட்டம், வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் சரி, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது. ஆகவே திங்கட்கிழமை அவளாலும் பொய் சொல்ல முடியாது. "மெடல்லாம் எனக்கு வேணாம்டி. அந்த வேன்ல மட்டும் ஏறக் கூடாது" என்று என்னிடம் போனில் சொன்னபோது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

இத்தனையும் யோசித்த நான் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பட்டியலைத்தான் மிகுந்த ஆசையோடு போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை நாசி கண்டார் சோறு, மீன் முட்டையோடு. ஓடி முடித்ததும் சார் குவே தியாவ் நூடுல்ஸ், இறால் போட்டது. ஞாயிறு மதியம் சுட்ட மீன். அதை அம்மாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைக் கைகாட்டினார். நாங்கள் தேர்ந்தெடுத்த வார இறுதி புரட்டாசியின் நட்டநடுவில் இருந்தது. சனிக்கிழமை, பெருமாளுக்கு உரிய புரட்டாசிச் சனி.

மூன்று வீடுகளிலும் புரட்டாசி முழுக்கச் சைவம்தான். பதிவை மாற்ற முடியாது, விமானச் சீட்டும் வாங்கியாகிவிட்டது. ஆடிட்டருக்குப் போன் செய்தேன். "பினாங்குக்கு வந்து பச்சப்பயறு சாப்பிடவாடி நான் பிளேன் ஏறணும்?" என்று கேட்டாள். வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிடலாமே என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். தன் அம்மா போனிலேயே மீன் வாசம் கண்டுபிடிப்பார் என்று ஆடிட்டர் மறுத்துவிட்டாள். நான் பட்டியலைச் சைவமாக்கி மறுபடியும் அனுப்பினேன்.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. சீனர்களும் அதே வாரம் ஒன்பது தெய்வங்களுக்காக விரதம் இருந்தார்கள். டவுன் முழுக்கத் தள்ளுவண்டிகளில் மஞ்சள் கொடி பறந்தது. மஞ்சள் கொடி இருந்தால் சைவம். வெள்ளிக்கிழமை மாலை ஆடிட்டர் விமானத்திலும் டீச்சர் ஃபெர்ரியிலும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் கொடி கொடியாகப் போய், சோயாவில் செய்த இறாலும் காளானில் செய்த மீனும் சாப்பிட்டோம். காளான் மீனுக்குச் செதில்கூட வரைந்திருந்தார்கள். ஆடிட்டர் அதைப் படம் பிடித்து அவள் அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. அது மீன் இல்லை என்று நிரூபிக்க, மஞ்சள் கொடியையும் கடைக்காரக் கிழவியையும் வீடியோவில் காட்ட வேண்டியதாகிவிட்டது.

சனிக்கிழமை காலை நன்றாகவே போனது. எண் அட்டைகளை வாங்கினோம். பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டிய எங்கள் ஓட்டலில், ஒரே கட்டிலில் மூன்று பேரும் சட்டைகளைப் பரப்பி ஊசி குத்தி மாட்டினோம். டீச்சர் தன் அட்டையைக் கோணலாக இருக்கிறதென்று நான்கு தரம் கழற்றினாள். பிறகு மதியம் எங்கள் வீடு.

அம்மா விடியலிலிருந்தே சமைத்திருந்தார். பெருமாளுக்குப் படைத்துவிட்டு, மூன்று வாழையிலை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், உளுந்து வடை, கொண்டைக்கடலைச் சுண்டல், பாயசம். விருந்தாளி இலையில் மிச்சம் வைத்தால், உப்பு கூடிவிட்டதா என்று அடுத்த வாரம் வரை கேட்டுக்கொண்டிருப்பார். ஆடிட்டர் சாமர்த்தியசாலி. முன்கூட்டியே இலையை மடித்துவிட்டு, அம்மாவின் தோள்பட்டை வலியைப் பற்றி விசாரிக்க எழுந்து போய்விட்டாள்.

டீச்சரால் அப்படி முடியவில்லை. பயத்தில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. ஒரு கரண்டி பொங்கலோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையலறைக்குள் போன ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள். நான் என் இலையைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன். ஒரு வடை இடம் மாறியது. பிறகு இன்னொன்று. பிறகு புளியோதரைக் குன்று. காலியான இலையைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தப் பொண்ணுதான் நல்லா சாப்பிடுது" என்று அவளுக்கு மறுபடியும் பரிமாறினார். அதையும் நான்தான் சாப்பிட்டேன். பாயசத்தையும்.

வயிற்றுக்குப் பாரமாக எதுவும் கூடாது என்று நான் எழுதிய விதி நினைவில் இருந்தது. அது டீச்சருக்கு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடிவதற்கு முன் பாடாங்கில் கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. ஆடிட்டர் தொடக்கத்திலேயே காணாமல் போனாள். டீச்சரும் நானும் சேர்ந்து ஓடினோம். அவள் வேகம் அவள் திடலில் பழகிய அதே வேகம், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். கர்னி டிரைவ் போய்த் திரும்பியபோது கடல் பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ திருகியது. கொஞ்ச தூரம் சமாளித்தேன். ஒரு பெட்ரோல் நிலையம் தெரிந்ததும் நின்றுவிட்டேன்.

டீச்சரும் நின்றாள். "போயிட்டு வா, நான் வெளிய நிக்கிறேன்" என்றாள்.

"நிக்காத. ரூல் என்ன?"

"அது எனக்குப் போட்ட ரூலுடி."

"எல்லாருக்கும்தான். போ."

அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

நான் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது, வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆட்கள் சாலைக் கூம்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இனி ஓட வயிறு விடாது. யோசிக்க ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். உள்ளே ஒரு சீனப் பெரியவர் கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓட்டியவர் நம்மவர், அம்மா வயதுக்குக் கொஞ்சம் இளையவர். "பரவால்ல தங்கச்சி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று தண்ணீர் போத்தலை நீட்டினார்.

வேன் நகர்ந்து ஒரு வளைவு திரும்பியதும், முன்னால் தன்னந்தனியாக ஓடும் ஒரு முதுகு தெரிந்தது. டீச்சர். கடைசி ஆள் இப்போது அவள்தான். வேன் அவளுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தது. முகப்பு விளக்கு வெளிச்சம் தன் கால்களில் விழுவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பவில்லை.

"அண்ணே, அவங்க என் கூட்டாளி. கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்றேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுரும்லா. அடுத்த சிக்னல்ல நான் கேட்டாகணும் தங்கச்சி. கேக்குறது என் வேலை. ஏறுறதும் ஏறாததும் அவங்க இஷ்டம்."

எனக்கு அவளைத் தெரியும். வேனுக்காக ஏறமாட்டாள். ஆனால் உள்ளே நான் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால், ஒரு நொடிகூட யோசிக்காமல் ஏறிவிடுவாள். விளக்குச் சந்திப்பு நெருங்கியது. வேன் அவள் பக்கமாக ஒதுங்கியது. நான் இருக்கையிலிருந்து இறங்கி, இரண்டு வரிசைகளுக்கு நடுவில் தரையில் குந்திக்கொண்டேன். சீனப் பெரியவர் என்னைப் பார்த்துப் பதறிப்போய்த் தைலப் போத்தலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஜன்னல் இறங்கும் சத்தம். ஓட்டுநர் மிகவும் பணிவாகக் கேட்டார். "ஏறிக்கிறீங்களாம்மா? இனிமே ரோட்டத் தொறந்துருவாங்க. ஓடுறதுன்னா நடைபாதையிலதான் ஓடணும்."

மூச்சிரைப்புதான் முதலில் கேட்டது. பிறகு டீச்சரின் குரல், மைக் பிடித்த குரல் போலவே தெளிவாக வந்தது. "நீங்க போங்கண்ணே. நான் பாடாங்ல வந்து உங்களப் பாத்துக்குறேன்."

ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றினார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, கடைசி ஆள் இன்னும் ஓட்டத்தில்தான் இருக்கிறார், முடிவுக்கோட்டு வளைவைக் கழற்ற வேண்டாம் என்று மலாயில் சொன்னார். தன்னைத் தாண்டிப் போகச் சொன்னவளை அவர் தாண்டவே இல்லை. சாலையைத் திறந்த பிறகும், நடைபாதையில் ஓடிய அவளை ஒட்டியே ஓரமாக ஊர்ந்து வந்தார். பின்னால் ஹாரன் அடித்த காடிகளுக்குக் கையை வெளியே நீட்டி, சுற்றிப் போகச் சொன்னார்.

பாடாங்கில் பாதிக் கூடாரங்களைப் பிரித்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் மேசைகளை மடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் டீச்சரைப் பார்த்ததும் மேசைகளையே தட்டினார்கள். ஆடிட்டர் அந்தக் கோட்டுக்கு அப்பால் நின்று அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் டீச்சர் முதல் தடவையாகத் திரும்பினாள், வேன்காரருக்குக் கையாட்ட. வேனிலிருந்து நான் இறங்கிக்கொண்டிருந்தேன், கையில் தைலப் போத்தலோடு.

"நீ அதுக்குள்ளயா இருந்த?"

"ஆமா."

"அவர் கேட்டப்பவும்?"

"கீழ குந்தியிருந்தேன்."

அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொஞ்ச நேரம் எங்களுக்குப் புரியவில்லை. "ஒன்னப் பாத்திருந்தா ஏறியிருப்பேன்டி" என்றாள் கடைசியில்.

ஆடிட்டர் என் எண் அட்டையைத் தட்டிப் பார்த்து, சோதனைப் பிரிவே சோதனையில் தேறவில்லையே என்று கேட்டாள். அன்று முழுக்க அதையே வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், மதியம் செண்டோல் குடிக்கும்போதுகூட. சாயங்காலம் அம்மாவிடம் வயிற்று விஷயத்தைச் சொன்னேன். "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல. அதுக்குத்தான் வீட்டுலயே தங்கச் சொன்னேன்" என்றார்.

திங்கட்கிழமை இடைவேளையில் டீச்சரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். வகுப்பில் நுழைந்ததுமே அந்த முன் வரிசைப் பையன், வேன் வந்துச்சா டீச்சர் என்று கேட்டானாம். வந்தது, ஆனால் தான் ஏறவில்லை, தன் கூட்டாளிதான் அதில் வந்தாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க வீட்டுப்பாடம் செய்யலயா டீச்சர்?" என்றானாம்.

"என்ன சொன்ன?" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "உண்மையத்தான் சொன்னேன். என் வீட்டுப்பாடத்தையும் சேத்து அவதான் சாப்பிட்டான்னு."