அக்கா திட்டாமல் இருந்த காலம்

பச்சை ஒயர் பின்னிய மடக்கு நாற்காலி ஒன்று என் அக்கா வீட்டில் இருந்தது. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த மாமாவைத் தேடிப் பெங்களூரிலிருந்து பெரிய வியாபாரிகள் வந்தால்தான் அது வெளியே வரும். மற்ற நாட்களில் பீரோவுக்குப் பின்னால் செருகியிருக்கும். எண்பதுகளின் கடைசியில், ஒரு பொங்கலன்று, அக்கா அதை எடுத்து விரித்து, முந்தானையால் துடைத்துவிட்டு, "உக்காரு தம்பி" என்றாள். யாரோ பெரிய மனிதர் எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஒரு ஆடு மட்டும் நின்றது.

அந்த வீட்டில் என் இடம் தரை. அக்கா என்னை அழைக்கும் பெயர் 'டேய்'. இந்த இரண்டும் மாறினால் ஏதோ விபரீதம் என்று எனக்குத் தெரியாமலிருக்குமா? அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பில் காவல் இருந்த அப்பாவால் என்னையும் சேர்த்துக் காவல் காக்க முடியவில்லை. அதனால் அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அண்டா, குத்துவிளக்கு, தகரப்பெட்டி இவற்றோடு நானும் மாமா வீட்டுக்குப் போய் இறங்கினேன். சீராக வந்த பொருள்களில் மூன்று வேளையும் சோறு கேட்டது நான் ஒருவன்தான். மாமா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதிகம் பேசவும் மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசினாள்.

அவளுக்குக் கொஞ்சத் தெரியாது, திட்டத் தெரியும். இருபது வயதுகூட நிரம்பாத பெண், திடீரென்று ஒரு பையனுக்கு அம்மாவாக வேண்டியிருந்தால் வேறென்ன செய்வாள்? "ஏன்டா எருமை, காதுக்குப் பின்னால அவ்ளோ மண்ணைச் சேத்து வெச்சிருக்கியே, கேவுரு வெதைக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே தேய்த்துக் குளிப்பாட்டுவாள். திட்டித்தான் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வைத்தாள். திட்டித்தான் ஐ.டி.ஐ.யில் சேர்த்தாள். பிற்பாடு ஓசூரில் லேத் வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் கன்னடத்திலும், அவருக்கு மேலே இருந்தவர் தெலுங்கிலும் என்னைத் திட்டினார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் முகம் வாடிப் போவார்கள். எனக்கோ அது வீட்டு ஞாபகமாக இருக்கும். இரண்டு மொழியும் கலந்து திட்டினாலும் அக்காவின் கால் தூசுக்குக் காணாது.

அன்றைய பொங்கலில் வடை எனக்குத்தான் முதலில் வந்தது. தண்ணீர் புது டம்ளரில் வந்தது. எப்போதும் என்னோடு முறுகல் வடைக்குச் சண்டை போடும் அக்கா மகள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு வடையோடு எழுந்துவிட்டேன். ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. போன மாதம் கம்பெனியில் என்னைப் பர்மனன்ட் ஆக்கியிருந்தார்கள். அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். எங்கள் பக்கம் அக்கா மகளுக்குத் தாய்மாமன்தான் முதல் மாப்பிள்ளை. நான் உட்கார்ந்தது மாப்பிள்ளை நாற்காலி!

அந்தப் பெண்ணுக்கு மூக்கு துடைத்து விட்டவன் நான். தோளில் சுமந்து பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டவன். போக மாட்டேன் என்று அவள் கடித்த தழும்பு இன்றும் என் இடது காதில் இருக்கிறது. கல்யாணம் என்று நினைத்தாலே காது வலித்தது. ஆனால் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அந்த வாய்க்குச் சோறு போட்டதே அக்காதான். நானாகச் சொன்னால் வளர்த்ததற்கு இதுதானா என்று அவள் உடைந்து போவாள். அவளாகவே என்னை வேண்டாம் என்று சொல்லும்படி நடந்துகொள்வது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தேன். அதற்கான தகுதிகள் என்னிடம் பிறவியிலேயே நிறைய இருந்தன.

அடுத்த முறை செருப்போடு அடுப்படி வரை நடந்து போனேன். "பரவால்ல தம்பி" என்றாள். குழம்பில் உப்பு அதிகம் என்றேன். முன்பென்றால் கரண்டி பறந்து வந்திருக்கும். "இரு தம்பி, வேற வெச்சித் தரேன்" என்று எழுந்து போனாள். ஒரு பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லி வராமல், மறுநாள் ஷேவ் செய்யாத முகத்தோடு போய் நின்றேன். கோழித் தொடை எடுத்து வைத்திருந்தாள். பச்சை நாற்காலி எனக்காக விரித்தபடியே இருந்தது. அதில் உட்கார்ந்து அந்தத் தொடையைத் தின்றபோது ஒரு விஷயம் தெரிந்தது. கல்யாண பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் வந்துவிட்டிருந்தது. என் அக்காவைக் காணவில்லை. அவள் முகத்தோடு வேறு யாரோ எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

தக்காளி விஷயத்தில் மட்டும் நான் நடிக்கவில்லை, சத்தியமாக. இன்னொரு முறை போயிருந்தபோது, காலையில் வண்டியிலிருந்து மாமா கூடை இறக்கிக்கொண்டிருந்தார். உதவி செய்கிறேன் என்று ஒரு கூடையைத் தலையில் வாங்கினேன். வாசற்படியில் கால் இடறியது. நல்ல முதல் தரத் தக்காளி. வாசல், திண்ணை, சாக்கடை ஓரம் எல்லாம் சிவந்து போனது. அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வாய் திறந்தது. மாதக்கணக்கில் தேக்கி வைத்ததெல்லாம் மடை உடைந்து வந்தது.

"ஏன்டா எருமை! கண்ணைக் கம்பெனியிலயே கழட்டி வெச்சிட்டு வந்தியா? உன்ன யார்றா தூக்கச் சொன்னது, தண்டச்சோறு! செருப்போட வர, மூஞ்ச செரைக்காம வர, உப்பு சாஸ்தியாம் உப்பு! துரைக்கு நாக்கு நீண்டு போச்சா? நானும் போனா போவுது, போனா போவுதுன்னு பாக்குறேன்..."

பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பச்சை நாற்காலியில் அவளே தொப்பென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"என்னால முடியாதுடா. மாப்பிள்ளைக்கு மரியாதை குடுக்கணும்னு உங்க மாமா சொன்னாரு. உனக்கும் அவமேல ஆசைன்னு நெனச்சி வாயக் கட்டிக்கிட்டேன். வளத்தவ நான் எப்படி மாட்டேங்கறது? ஆனா நீ மருமகனா வந்துட்டா, நான் யாரைடா திட்டறது?"

"எனக்கு ஆசைன்னு யாருக்கா சொன்னது?"

"தீபாவளிக்கு தீபாவளி அவளுக்குப் பாவாடைத் துணி எடுத்துட்டு வரியே?"

"எடுக்கலைன்னா நீ திட்டுவியேன்னுதான் எடுத்தேன்!"

அடுப்படியிலிருந்து "அப்பாடா!" என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா மகள் எட்டிப் பார்த்தாள். "நான் வேணாம்னா நீங்க ரெண்டு பேரும் அழுவீங்கன்னு வாயத் தொறக்காம கெடந்தேன். மாமா, தப்பா நெனச்சிக்காத, உன் குறட்டை தெருவுக்கே தெரியும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக யாரும் நிராகரிக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டோடு வளர்ந்த பையன் வீட்டோடேயே இருக்கட்டும் என்று உண்மையிலேயே விரும்பியவர் அவர் ஒருவர்தான் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. குனிந்து தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். கூடை பாதி நிரம்பியதும், "ஒடைஞ்சத தனியா போடு. தொக்குக்கு ஆவும்" என்றார். அவருடைய சம்மதம் அவ்வளவுதான். பிற்பாடு அவளுக்கு வரன் பார்க்கப் போனபோதெல்லாம், "தாய்மாமன் பாக்காம எதுவும் பேச மாட்டேன்" என்று என்னை முன்னால் நிறுத்தினார்.

எனக்கு வாய்த்த மனைவி மென்மையாகப் பேசுகிறவள். கல்யாணமான புதிதில் அவள் "சாப்பிட வாங்க" என்று மெதுவாகச் சொன்னாலே, என்ன தப்பு செய்தோமோ என்று யோசித்துக்கொண்டேதான் இலைக்குப் போவேன். திட்டில்தான் பாசம் இருக்கும் என்று வளர்க்கப்பட்டவன் வேறு பாசத்தைப் புரிந்துகொள்ளச் சில வருஷங்கள் ஆகின்றன. ரிட்டயர்மென்ட் விழாவில் மேடையில் நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தியபோதும் எனக்கு வியர்த்துக்கொட்டியது. யார் கூடையை எங்கே கவிழ்க்கலாம் என்றுதான் கண் தேடியது.

போன பொங்கலுக்கும் ராயக்கோட்டை போயிருந்தேன். மாமா இப்போது இல்லை. அந்த நாற்காலிக்கு இரண்டு முறை ஒயர் மாற்றியாகிவிட்டது, இப்போது நீல நிறம். அக்கா அதை விரித்து, முந்தானையால் துடைத்து, "உக்காருங்க மாப்பிள்ளை" என்றாள். அவள் மகளின் கணவர் கூச்சத்தோடு உட்கார்ந்தார். பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், மரமாட்டம் ஏன்டா நிக்கற? காலை மடக்கிக் கீழ உக்காரு."

மூட்டு வலி. டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தேன்.