பாதியில் நின்ற வாக்கியம்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில், பஞ்சு மில்களுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் பட்டறையில் என்னோடு வேலை பார்த்த மேடம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உருவம், கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். பேச்சின் நடுவே யார் கூப்பிட்டாலும் நிறுத்திவிட்டுக் கவனிப்பார். பிறகு விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர்வார். எனக்கோ ஒரு போன் பேசி வைத்தால், ஸ்க்ரூடிரைவரை எதற்குக் கையில் எடுத்தேன் என்பதே மறந்துபோகும்.

நூல் அறுந்தால் மணியடிக்கும்படி, போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலருக்கு ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். நூல் அறுந்ததும், வழக்கமாக ஓடும் மெயின் புரோகிராமை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்க்கும் பகுதிக்கு இன்டரப்ட் என்று பெயர். மணியடிப்பதையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டேன். மணி ஓயும்வரை, அடுத்தடுத்து அறுந்த நூல்களைப் போர்டு கண்டுகொள்ளவே இல்லை. இரண்டொரு நாளில் மில்லுக்குக் கொடுத்தாக வேண்டும்.

“அறுந்தத அங்கன குறிச்சு மட்டும் வச்சுட்டு ஒடனே திரும்பிரணும் சார். மணியடிக்கிற வேலைய...” என்று மேடம் சொல்லும்போதே போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் மகள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாளாம். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

மறுநாள் காலை, தூக்கமில்லாத முகத்தோடு வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“கட்டுப் போட்டாச்சு சார். அவிய அப்பா கூட இருக்காவ.”

தோள்பையைக்கூட இறக்கவில்லை. என் போர்டைக் குனிந்து பார்த்தார்.

“...மெயின் புரோகிராம் பாத்துக்கிடட்டும்” என்றார்.