தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கு

கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் தேதி வாங்கத்தான் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி (ரத்தத்தின் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) என்று வந்தது. காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை. அன்று காலையில்கூட மைதானத்தை நாலு சுற்று ஓடிவிட்டுப் பஸ் ஏறியவள் நான்.

திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். "பயப்படாதீங்கம்மா. கூட சாப்பிட்டா, தொட்டா, இருமினா பரவாது. வீட்ல எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கட்டும். பிளேடு, ஊசி எதையாவது யார் கூடயாவது பகிர்ந்துக்கிட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கை தானாகத் தாலிச் சங்கிலிக்குப் போனது. அதில் நாலைந்து ஊக்குகள் எப்போதும் தொங்கும்.

எங்கள் மைதானத்தைச் சுற்றி சீமைக் கருவேலம். பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடுவார்கள். முள் குத்தினால் என்னிடம் வருவார்கள். ஊக்கைக் கழற்றி, தோலைக் கீறி, முள்ளை நெம்பி எடுத்து, துப்பட்டாவில் ஒரு துடை துடைத்து, மறுபடி சங்கிலியில் மாட்டிக்கொள்வேன். என் குதிகாலுக்கும் அதே ஊக்குதான். முதலுதவிப் பெட்டி தலைமை ஆசிரியை அறையில் பூட்டியிருக்கும்; சாவியைத் தேடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். எனக்குக் கைராசிக்காரி என்று பேர் வேறு.

"காய்ஞ்ச ரத்தத்துலகூட அந்தக் கிருமி ஒரு வாரம் வரைக்கும் இருக்கும்மா" என்றார் டாக்டர். என்னைப் பற்றிய கவலை அதோடு போய்விட்டது. அணியில் பதினோரு பிள்ளைகள்.

தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "இதைப் போய்ச் சொன்னீங்கன்னா நாளைக்கே டி.சி. கேட்டு வந்து நிப்பாங்க. குழந்தையிலயே எல்லாருக்கும் தடுப்பூசி போட்டிருப்பாங்க. விட்டுடுங்க டீச்சர்."

அதில் பாதி உண்மை. ஒரு நாள் முழுக்க அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் வீடு வீடாகப் போனேன்.

பரிசோதனையில் பதினோரு பேரில் யாருக்கும் தொற்று தெரியவில்லை. பத்துப் பேரிடம் தடுப்பூசி அட்டை இருந்தது. பதினோராவது பெண் கவியாவின் அட்டை புயலில் போய்விட்டிருந்தது. அவள் ரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி இல்லை. நான் அவள் காலில் முள் எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இப்போது தெரியாதது பிறகு தெரியலாம், தடுப்பூசியைத் தொடங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர்.

கவியாவின் அம்மா மாமல்லபுரத்தில் மீன் விற்பவர். "இன்னா டீச்சர் சொல்றீங்க? முள்ளு எடுக்கறேன்னு எம்பொண்ணு ஒடம்புல நோவ ஏத்திட்டீங்களா? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"தெரியாம பண்ணிட்டேன்மா."

"டீச்சருக்கே தெரியலன்னா எங்களுக்கு இன்னாத்த தெரியப்போவுது?"

 கவியா கபடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டில் கணவருக்கும் மகனுக்கும் தொற்று இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். நகவெட்டியைத் தனியாக வைத்தேன், அது சரி. தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தேன், அது தேவையே இல்லை. இந்தத் தொற்று உள்ள உங்களில் பலரும் இதைச் செய்துகொண்டிருப்பீர்கள். ஒரு நாள் கணவர் என் தட்டிலேயே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொற்றுக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைப் பார்த்தால் போதும் என்றார்கள். முதலுதவிப் பெட்டி கையுறைகளோடு மைதானத்துக்கு வந்தது. காலாண்டுத் தேர்வு போயிற்று, அரையாண்டும் போயிற்று. தேர்வு முடிந்ததென்று பிள்ளைகள் கத்தும்போது நான் கவியாவின் நாட்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் மாதம் கவியா, அவள் அம்மா, நான் மூவரும் ஒரே பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போனோம். அவள் அம்மா மகளை இழுத்துக்கொண்டு முன் இருக்கைக்குப் போய்விட்டார்.

"தொற்று இல்லம்மா. எதிர்ப்புச் சக்தியும் வந்துடுச்சு" என்றார் டாக்டர்.

அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "மிஸ்!" என்று கத்திக்கொண்டே கவியா என் கையை இறுக்கிப் பிடித்தாள், எதிராளியைப் பிடிக்கிற அதே பிடி. நான் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைத் திருப்பி, தோலில் எங்காவது கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு அவள் விரல்களைப் பார்த்தேன். எங்கும் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.