பின் சீட்டில் ஏறிய ஆடு

விபத்தில் வலது காலை இழந்த எனக்கு, கையாலேயே ஓட்டக்கூடிய இரண்டு சீட் ஏ.டி.வி. வண்டி ஒன்றைத் தம்பி வாங்கித் தந்தான். மேடு பள்ளம் பார்க்காமல் வயலுக்குப் போகும். அதுவும் ஒருநாள் இளையாத்தங்குடிப் பக்கம் கண்மாய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து தள்ளி மேடேற்றினார். இறங்கி உதவக்கூட முடியாமல் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். கால் எப்படிப் போச்சு என்று கேட்பார் என நினைத்தேன்.

"ஊருக்குள்ளதானே போறீக? குட்டி போட்ட ஆடு நடக்க மாட்டாமக் கெடக்கு. எங்களையும் அங்குட்டுக் கொண்டுபோயி விடுறீகளா?" என்றார்.

ஈரம் காயாத குட்டியை என் சட்டைக்குள் வைத்துவிட்டு, தாயைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

கால் போனதிலிருந்து எனக்கு உதவாதவர்கள் இல்லை. என்னிடம் உதவி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வீடு வந்தும் அந்தச் சட்டையை உடனே கழற்ற மனம் வரவில்லை.